உலக்கைத் தேரும் அரிவாள் தேரும்



தேர் என்ற சொல் காதில் விழுந்ததும் தமிழர் உள்ளத்தில் எழுவது கோயில் தேரே. தில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் குடியேறி வாழ்வோர்க்கும் சரி, பாலக்காட்டுக்குக் கிழக்கே கொழிஞ்சாம்பாறை வட்டாரத்தில் தலைமுறை தலைமுறையாகத் தமிழ் பேசி வாழ்வோர்க்கும் சரி, தேர் என்றால் திருவிழா. கல்பாத்தி விசுவநாதர் கோயிலின் ஐப்பசித் தேர்விழாவைக் கண்டவர்கள், முன்னே மக்கள் வடம் பிடித்து இழுக்க, பின்னே யானை நெற்றியால் முட்டித் தள்ளும் காட்சியை எளிதில் மறவார். எந்த ஊர்த் தேரானாலும் சரி, அதைத் திருப்பவும் நிறுத்தவும் வல்லது எது? சக்கரத்தின் கீழ் அஞ்சாமல் கை நீட்டி ஒருவன் செருகும் முட்டுக்கட்டை. ஊரே கூடி இழுக்கும் தேர் ஒரு துண்டு மரத்துக்குப் பணிந்து நிற்கிறது. இதனை மனத்திற் கொண்டால், இன்று நான் சொல்ல வந்த போர்க்கதை எளிதில் விளங்கும்.

மனிதரைக் கொல்வதற்கென்றே தேரை ஓட்டிய காலம் ஒன்று இருந்தது. ஏறி நின்று அம்பு எய்வதற்கான தேரை நான் குறிப்பிடவில்லை. தேரே ஆயுதமாகி, அணிவகுத்து நிற்கும் காலாட்படையின் நடுவே புகுந்து, எதிர்ப்பட்டாரை அரிந்தும் அடித்தும் செல்லும்படி அமைத்த தேரைக் குறிப்பிடுகிறேன். பாரசீகத்தில் அதற்கு அரிவாள் பூட்டினார்கள். நம் நாட்டில் மகதத்தில் அதற்கு உலக்கை பூட்டினார்கள் என்று சமண நூல் சொல்லுகிறது.

முதலில் மகதத்துக் கதையைப் பார்ப்போம். புத்தரும் மகாவீரரும் வாழ்ந்த காலத்தை ஒட்டி, இராசகிருகத்திலிருந்து மகதத்தை ஆண்டவன் அசாதசத்துரு. சமணர் அவனைக் கூணிகன் என்பர். கங்கைக்கு வடக்கே வைசாலியைத் தலைநகராகக் கொண்ட வச்சிக் குடியரசு இருந்தது. அரசன் ஒருவனது ஆணைக்கு அடங்காமல், குடித்தலைவர் பலர் மன்றத்தில் கூடி ஆண்ட நாடு அது. இன்றைய பீகாரில் பாட்னாவுக்கு எதிர்க்கரையில், சற்று வடக்கே அந்த வைசாலியின் இடிபாடுகள் உள்ளன. வைசாலியின் தலைவன் சேடகன், சமண மரபின்படி, கூணிகனுக்குத் தாய்வழிப் பாட்டன். பட்டத்து யானை ஒன்றும் பதினெட்டு வடம் கொண்ட மாலை ஒன்றும் பற்றித் தம்பியரோடு மூண்ட பூசல் போராக முற்றியது; யானையோடும் மாலையோடும் தம்பியர் பாட்டனிடம் அடைக்கலம் புகுந்தனர் என்பது அம்மரபு கூறும் காரணம். கங்கை வாணிகத்தின் மேல் இரு நாட்டுக்கும் இருந்த கண்ணையும் நாம் சேர்த்து எண்ணிக்கொள்ளலாம். யானைக்காக மட்டும் இரண்டு அரசுகள் அழியும்வரை பொருதா.

சமணரின் ஐந்தாம் அங்கமாகிய பகவதி சூத்திரம், ஏழாம் சதகத்தில் இப்போரைப் பற்றிப் பேசுகிறது. இரண்டு பெரும் போர்களுக்கு அங்கே பெயர் தரப்பட்டுள்ளது. ஒன்று மகாசிலாகண்டகம். அதில் புல்லாலோ சருகாலோ சிறு கல்லாலோ அடிபட்டவனும் பெரும்பாறையால் அடிபட்டதாகவே உணர்ந்தானாம். கல்லெறி பொறி ஒன்றின் நினைவு இதில் மறைந்திருக்கலாம் என்பது ஆராய்ச்சியாளர் பலரது கருத்து. மற்றொன்று ரதமுசலம். குதிரை இல்லை, பாகன் இல்லை, வீரன் இல்லை. முசலம் ஒன்றைத் தாங்கிய தேர் தானே ஓடி ஆட்களை நசுக்கிக் குருதிச் சேறு ஆக்கிற்று என்று நூல் கூறுகிறது. முதற்போரில் இறந்தோர் 84 இலட்சம், இரண்டாம் போரில் இறந்தோர் 96 இலட்சம் என்பது அதன் கணக்கு. இந்தத் தொகையை அப்படியே கொள்ளலாகாது. இத்தனை பேரைப் போர்க்களத்துக்கு அனுப்பும் மக்கள்தொகை அக்காலக் கங்கைச் சமவெளியில் இருந்திருக்க முடியாது. ஆயினும் எண்ணின் பெருக்கம் அச்சத்தின் பெருக்கத்தைக் காட்டுகிறது.

முசலம் என்பது நம் வீட்டு உலக்கைதான். நெல் குத்தும் உலக்கை. பலராமன் கைப்படை எனப் புராணம் கூறும் உலக்கை. இக்காலத்தில் சில புத்தகங்களும் படங்களும் அசாதசத்துருவின் தேருக்குச் சக்கரந்தோறும் சுழலும் வாள்களைப் பூட்டிக் காட்டுகின்றன. மூல நூலில் வாளும் இல்லை, அரிவாளும் இல்லை. பாரசீகத் தேரின் வடிவத்தை மகதத் தேரின் மேல் ஏற்றிய கற்பனையே அது என்பது என் எண்ணம். குதிரையின்றித் தேர் எவ்வாறு ஓடியது? உள்ளே மறைந்திருந்த ஆட்கள் சக்கரத்தைச் சுழற்றியிருக்கலாம் என்று அறிஞர் சிலர் கருதினர். அப்படியானால் கண்ணுக்குத் தெரியாத பாகனே அந்தத் தேரின் வியப்பு.

இனிப் பாரசீகத்துக்குச் செல்வோம். அங்கே வரலாறு தெளிவான வெளிச்சத்தில் கிடக்கிறது. சக்கரங்களின் அச்சிலிருந்து இரு புறமும் நீண்ட அரிவாள்கள். தேர்த்தட்டின் கீழே நிலத்தை நோக்கிய வேறு அரிவாள்கள், கீழே விழுந்தவனையும் விடாமைக்காக. இந்த அமைப்பை, நேரில் கண்ட கிரேக்க வீரர் செனோபோன் எழுதிவைத்தார். கி.மு. 401இல் பாபிலோனுக்கு அருகே கூனாக்சாவில் நடந்த போரில் அவர் ஒரு தரப்பில் இருந்தார். பாரசீகப் பேரரசன் இரண்டாம் அர்த்தசெர்க்சசை எதிர்த்து அவன் தம்பி சைரசு படை எடுத்து வந்தான். அவனிடம் கூலிப் படையாகப் பல்லாயிரம் கிரேக்கக் காலாட்கள் இருந்தனர். அரசனிடம் அரிவாள் தேர்கள் 150.

என்ன நடந்தது? தேர்கள் பாய்ந்து வந்தன. கிரேக்கர் ஈட்டியால் கேடயத்தைத் தட்டிப் பேரொலி எழுப்பினர். குதிரைகள் மருண்டன. பாகர் சிலர் குதித்தோடினர். பாகனற்ற தேர்கள் சில தம் படையின் மேலேயே திரும்பின. சில கிரேக்கரை நோக்கி வந்தன. வரும் தேரைக் கண்டதும் கிரேக்கர் விலகி வழிவிட்டனர். அது போனதும் மீண்டும் நெருங்கி நின்றனர். பந்தயக் களத்தில் மாட்டிக்கொண்டவன்போல் ஒரே ஒருவன் தேரின் முன் சிக்கினான். அவனுக்கும் காயம் இல்லை என்று சொல்லப்பட்டதாகச் செனோபோன் எழுதுகிறார். 150 தேரின் பயன் இவ்வளவே!

இதிலிருந்து அரிவாள் தேர் வெறும் வேடிக்கை என்று முடிவு கட்டிவிடாதீர்கள். ஆறாண்டுகள் கழித்து, கி.மு. 395இல், அதே செனோபோன் மற்றொரு நிகழ்ச்சியைச் சொல்லுகிறார். இன்றைய துருக்கியின் வடமேற்கில், தசுகிலியம் பக்கத்தில், கிரேக்கர் சிலர் உணவுப் பொருள் தேடிச் சமவெளியில் சிதறித் திரிந்தனர். பாரசீக ஆளுநன் பர்னபாசு இரண்டே அரிவாள் தேர்களோடும் ஏறத்தாழ 400 குதிரை வீரரோடும் அவர்கள்மேல் விழுந்தான். சுமார் 700 கிரேக்கர் ஓடிவந்து ஒருங்கு திரண்டனர். எனினும் ஒழுங்குபட்ட அணியாக நிற்க நேரம் இல்லை. தேர்களை முன்விட்டான், திரள் பிளந்தது, பின்வந்த குதிரைப்படை ஏறத்தாழ 100 பேரை வெட்டி வீழ்த்தியது. 150 தேர் செய்யாததை இரண்டு தேர் செய்தன. தேர் மாறவில்லை, எதிரே நின்றவரின் நிலை மாறிற்று.

இதனால் தேரின் வேலை எது என்பது விளங்கும். ஆட்களை வெட்டுவது அதன் இரண்டாம் வேலை. முதல் வேலை, தோளோடு தோள் ஒட்டி நிற்கும் காலாட்படையைக் குலைப்பது. குலைந்த இடத்தில் குதிரைப்படை புகும். தேருக்கு அஞ்சி ஒருவன் பின்வாங்கினால் அருகிலிருப்பவனின் வலப்பக்கம் வெறுமையாகும், அவனும் பின்வாங்குவான். அரிவாள் தொடுவதற்கு முன்பே அணி அறுந்துவிடும்.

இவ்வுண்மையை உணர்ந்து படை நடத்தியவன் அலெக்சாந்தர். கி.மு. 331இல் இன்றைய ஈராக்கின் வடக்கே கௌகமேலாவில் மூன்றாம் தாரியசு 200 அரிவாள் தேர்களை நிறுத்தினான். அவை தடையின்றி ஓடுவதற்காகக் களத்தின் மேடுபள்ளங்களை வெட்டிச் சமனாக்கவும் செய்தான். இரண்டாண்டுகட்கு முன் இசசு என்னும் இடத்தில், மலைக்கும் கடலுக்கும் இடையே ஒடுங்கிய நிலத்தில் தோற்ற பாடம் அது. அலெக்சாந்தர் தன் காலாட்படைக்கு முன்னே எறிவேல் வீரரை நிறுத்தினான். அவர்கள் குதிரைகளை வேலால் எறிந்தனர். கடிவாளத்தைப் பற்றி இழுத்தனர். பாகரைக் கீழே தள்ளினர். தப்பிய தேர்களுக்கு அணிகள் விலகி வழிவிட்டன. பின்னே நின்ற குதிரைச் சேவகர் அவற்றைப் பிடித்துக்கொண்டனர். இவ்வாறு அரியன் என்ற வரலாற்றாசிரியர் எழுதுகிறார். தியோதோரசு என்பவர் எழுதியதோ கொடுமையான காட்சி: கேடயத்தைப் பிடித்தபடியே அறுந்து விழுந்த கைகள், கண் மூடாத தலைகள். இரண்டும் உண்மையாக இருக்கலாம். சிலர் மடிந்தனர்; அணி மடியவில்லை.

தேர் வென்ற மற்றொரு களமும் உண்டு. கி.மு. 89இல் வட துருக்கியில் அம்னியசு ஆற்றங்கரையில், பொந்து நாட்டு மித்ரதாத்தின் தளபதிகள் பித்தினிய அரசன் நிக்கோமெதின் பெரும்படையின்மேல் 130 அரிவாள் தேர்களை ஏவினர். உடல் இரு கூறாகியும் மூச்சு நிற்காதவர்களைக் கண்டு மற்றவர் உள்ளம் இடிந்து சிதறினர் என்று அப்பியன் எழுதினார். அந்தப் படைக்குத் தேர் புதிது, பயிற்சி போதாது.

மூன்றே ஆண்டுகள் சென்றன. கி.மு. 86இல் கிரேக்க நாட்டுக் கைரோனியாவில் அதே மித்ரதாத்தின் தேர்கள் உரோமத் தளபதி சுல்லாவின் படையை எதிர்த்தன. தேருக்கு வேகம் பிடிக்க நெடுந்தொலைவு வேண்டும். சுல்லா விரைந்து முன்னேறி அந்தத் தொலைவைக் குறைத்துவிட்டான். அம்பை நாணில் முழுவதும் இழுக்காமல் விட்டது போலத் தேர்கள் மெல்ல வந்தன. உரோம வீரர் கைகொட்டிச் சிரித்து, பந்தயக் களத்தில் கேட்பது போல இன்னும் தேர் விடுமாறு கேட்டனர் என்று புளூதார்க்கு எழுதுகிறார். படைக்கலத்துக்கு இதைவிடப் பெரிய அவமதிப்பு இல்லை.

அதற்கும் முன்னே, கி.மு. 190ஐ ஒட்டி மக்னீசியாவில், அந்தியோக்கசு என்ற சிரியப் பேரரசனின் தேர்கள் அவன் படைக்கே எமனாயின. எதிர்த்தரப்பில் நின்ற பெர்காம அரசன் யூமெனசு, வில்லாளரையும் கவண் எறிவோரையும் பரப்பி நிறுத்தி, பாகரை விட்டுக் குதிரைகளையே குறிபார்க்கச் செய்தான். புண்பட்ட குதிரைகள் திரும்பி ஓடின. அரிவாள்கள் சொந்தப் படையின் பக்கம் திரும்பின. கி.மு. 47இல் சேலா என்ற இடத்தில் மித்ரதாத்தின் மகன் இத்தேர்களை மேட்டின்மேல் ஏற்றி ஓட்டிப் பார்த்தான். சூலியசு சீசரின் வீரர்கள் முதலில் சற்றுக் கலங்கினாலும் எறிபடைகளால் அவற்றை அடக்கிவிட்டனர்.

பிற்கால உரோமப் போர்நூலாசிரியர் வெகேத்தியசு இத்தேரைப் பற்றி எழுதும்போது, முதலில் அஞ்சினார்கள், பின்னர் நகைத்தார்கள் என்ற கருத்தைச் சொல்லுகிறார். ஒரு குதிரை விழுந்தால் தேர் முழுதும் வீண். அதனை வீழ்த்த, எப்படி எறிந்தாலும் ஒரு முனை மேல்நோக்கி நிற்கும் நான்முனை இரும்பு முள்ளைக் களத்தில் தூவினார்களாம். அந்த முள்ளுக்கு இலத்தீனில் வழங்கிய பெயரே நம் ஊர்த் தரிசுகளில் காலைக் குத்தும் நெருஞ்சிக்கும் இன்று தாவர நூலார் வழங்கும் பெயர். கோயில் தேருக்கு முட்டுக்கட்டை, போர்த்தேருக்கு நெருஞ்சி.

நிலமும் முள் போலவே பகையாகும். கொழிஞ்சாம்பாறை, சித்தூர்ப் பக்கத்துக் கரிசல் மண்ணில் மழைக்குப் பின் மாட்டுவண்டி ஓட்டியவருக்கு இதனை விளக்க வேண்டியதில்லை. சக்கரத்தில் மண் அப்பி அப்பி, ஆரைக்கால் மறையும், மாடு முழங்காலிடும், வண்டி நகராது. கி.மு. 326இல் போரசு மன்னனுக்கு நேர்ந்தது இதுவே. அவன் தேர்களில் அரிவாள் இல்லை; ஒரு தேரில் ஆறு பேர் சென்றதாகக் குர்தியசு கூறுகிறார். மழையில் சீலம் ஆற்றை இரவோடு இரவாகக் கடந்த அலெக்சாந்தரைத் தடுக்கப் போரசு தன் மகனை 120 தேரோடும் 2000 குதிரை வீரரோடும் அனுப்பினான் என்பது தாலமியின் கணக்கு. தேர்கள் சேற்றில் புதைந்தன. போரிடவும் உதவவில்லை, திரும்பி ஓடவும் உதவவில்லை. மகன் மாண்டான், தேர்கள் குதிரைகளோடு பகைவர் கையில் சிக்கின.

வள்ளுவர் இடனறிதல் என்ற அதிகாரத்தில் தேரையும் நாவாயையும் இணைத்து, ஒன்றின் இடத்தில் மற்றொன்று செல்லாது என்று காட்டியதை இங்கே நினைவுகூரலாம். கௌடிலியரும் அர்த்தசாத்திரத்தின் பத்தாம் அதிகரணத்தில் தேருக்குரிய நிலம் எது என்று தனியே வகுத்தார். தேரின் தொழில்களை எண்ணும்போது, குலையாத அணியைக் குலைத்தல், குலைந்த தன் அணியைச் சேர்த்தல், அச்சுறுத்தல், பெருமிதம் காட்டல், பேரொலி எழுப்பல் என்று வரிசைப்படுத்தினார். அச்சமும் ஒலியும் தேரின் தொழில்களாகவே பட்டியலில் ஏறியுள்ளன என்பதைக் கவனியுங்கள். கூனாக்சாவில் கேடய ஒலியால் தேரின் ஒலியை வென்ற கிரேக்கர் இதனைப் படித்திருந்தால் புன்முறுவல் பூத்திருப்பர்.

நம் தமிழகத்தின் செய்தி வேறு. சங்கப் பாடல்களில் தேர் மிகுதி. கரிகாலன் தந்தையின் பெயரிலேயே பல தேர்கள் உள. பாரி முல்லைக்குத் தேர் ஈந்தான். மலையமான் திருமுடிக்காரி பரிசிலர்க்குத் தேர் வழங்கிப் புகழ் பெற்றான். எனினும் தொல்காப்பியம் தும்பைத்திணையில் பகைவர் அஞ்சும் படைநிலைகளை எண்ணும்போது தானை, யானை, குதிரை என்ற மூன்றோடு நிறுத்துகிறது. தேரின் பெயர் அங்கே இல்லை. பல நூற்றாண்டுக்குப் பின் வந்த புறப்பொருள் வெண்பாமாலை தேர்மறம் என்று ஒரு துறை அமைத்தது. தமிழ் வேந்தர் தேரால் அணியைப் பிளந்ததைவிட, வென்ற ஊரை அழித்ததே கண்முன் நிற்கிறது. பாண்டியன் முதுகுடுமிப் பெருவழுதியைப் பாடும் புறநானூற்றின் 15ஆம் பாட்டில், பகைவரின் தெருக்கள் தேரோடிக் குழிந்தன. விளைந்த வயல்களிலும் தேர்க்குதிரைகள் ஓடின. அங்கே நசுங்கியவை கதிர்கள். பாலக்காட்டுக் கணவாயின் 30 கிலோமீட்டருக்கு மேற்பட்ட அகலமான வெளியில் சேரநாட்டையும் கொங்கையும் இணைத்த பெருவழியில் தேர் ஓடியிருக்கும். அதற்கு இரு புறமும் நிற்கும் மலையிலும் காட்டிலும் ஓடியிராது.

மீண்டும் வைசாலிக்கு வருவோம். ரதமுசலத்தால் வைசாலி வீழ்ந்ததா? பௌத்த மரபு கூறும் காரணம் வேறு. வச்சியரை அழிக்க விரும்பிய அசாதசத்துரு, தன் அமைச்சன் வச்சகாரனைப் புத்தரிடம் அனுப்பினான். புத்தர் அமைச்சனுக்கு நேரே விடை கூறாமல், அருகே நின்ற ஆனந்தரை வினவினார்: வச்சியர் அடிக்கடி மன்றம் கூடுகிறார்களா, ஒன்றாகக் கூடி ஒன்றாகவே கலைகிறார்களா, முதியோரை மதிக்கிறார்களா என்று ஏழு கேள்விகள். ஆம் என்றார் ஆனந்தர். அப்படியாயின் போரால் அவர்களை வெல்ல இயலாது, வஞ்சத்தாலோ உட்பகையாலோதான் இயலும் என்று வச்சகாரனே முடிவுக்கு வந்தான். பிற்கால உரை கதையைத் தொடர்கிறது. அரசனால் துரத்தப்பட்டவன் போல நடித்து வச்சகாரன் வைசாலியில் புகுந்தான். மூன்று ஆண்டுகள் ஒருவர் காதில் ஒன்றும் மற்றவர் காதில் வேறொன்றும் ஓதினான். பின்னர் மகதப்படை வந்தது. கூடுவதற்கு முரசு அறைந்தார்கள். செல்வரும் வீரரும் போகட்டும், எமக்கென்ன என்று அவரவர் வீட்டில் இருந்துவிட்டனர்.

கூனாக்சாவில் விலகி வழிவிட்டுப் பின் நெருங்கிய அணியும், முரசு ஒலித்தும் கூடாத வைசாலியும் ஒரே கதையின் இரு பக்கங்களாக எனக்குத் தோன்றுகின்றன. சமண நூலார் தேரின் மேல் வைத்த பழியைப் பௌத்த உரையாசிரியர் நகரத்தார் மேல் வைத்தார். எது நிகழ்ந்தது என்பதைத் துணிய நமக்குக் கல்வெட்டு இல்லை.

பகவதி சூத்திரத்தில் இன்னும் ஒரு செய்தி உண்டு. போரில் மாள்வோர் எல்லாரும் விண்ணுலகம் புகுவர் என்று மக்கள் பேசுகிறார்களே, அது மெய்யா என்று கௌதமர் மகாவீரரைக் கேட்கிறார். விழுப்புண்ணைப் போற்றி நடுகல் நாட்டிய நமக்கும் உரிய கேள்வி அது. மெய்யன்று என்கிறார் மகாவீரர். பின்னர் வருணன் என்ற வைசாலி வீரனின் கதையைக் கூறுகிறார். வருணன் நோன்பு காப்பவன். நாட்டின் ஆணையால் ரதமுசலப் போருக்கு வந்தவன். தன்னை முதலில் தாக்கியவனையன்றி வேறு யாரையும் தாக்குவதில்லை என்பது அவன் விரதம். எதிரி ஒருவன் தேரோடு தேர் நேரே வந்து, அடி என்றான். நீ முதலில் அடி என்றான் வருணன். அம்பு ஆழப் பாய்ந்தது. சினந்து ஒரே அம்பால் அவனை வீழ்த்திய வருணன், தன் உயிரும் நில்லாது என்றறிந்து தேரை ஒதுக்குப்புறம் ஓட்டிச் சென்றான், குதிரைகளை அவிழ்த்துவிட்டான், தருப்பை பரப்பிக் கிழக்கு நோக்கி அமர்ந்து, யாவும் துறந்து, அம்பைப் பிடுங்கி உயிர் விட்டான். தேவர்கள் அவன்மேல் பூமாரி பொழிந்தனர். அதனைத் தொலைவிலிருந்து கண்டவர்களே, போரில் மாண்டார் வானுலகம் புகுவர் என்று பேசத் தொடங்கினராம்.

வருணனின் இளமைத் தோழன் ஒருவனும் அக்களத்தில் புண்பட்டான். விரதங்களின் பெயர்கூட அவனுக்குத் தெரியாது. நண்பன் ஒதுங்கிச் செல்வதைக் கண்டு அவனும் தன் குதிரைகளை விடுவித்து, துணியை விரித்து அமர்ந்து, என் நண்பன் வருணன் ஏற்ற விரதங்கள் எவையோ அவையே எனக்கும் ஆகுக என்று சொல்லி மாண்டான். 96 இலட்சம் பேரில் வருணன் ஒருவனே விண்ணுலகம் புகுந்தான். அந்தத் தோழன் ஒருவன் நற்குடியில் மனிதனாகப் பிறந்தான். பதினாயிரம் பேர் ஒரே ஒரு மீனின் வயிற்றில் போய்ப் பிறந்தார்கள். மற்றையோர் நரகிலும் விலங்குப் பிறப்பிலும் விழுந்தார்கள் என்று அந்நூல் கணக்கை முடிக்கிறது.